குருப்பணியும் குணவியல்பும்

குருப்பணிக்குத் தகுதி யாது என வினவின், நம் சபையார் இருவகையாக விடை கூறுவர். தேவ அழைப்பு ஒன்றே போதும் என்பர் ஒரு சாரார். கணீரென்ற குரலும், எவரோடும் கலந்து பழகும் இயல்பும், காரியம் நடத்தும் திறமையும் இல்லாதவன் அங்கி தரிப்பது வீண் என்பர் மற்றொரு சாரார். சென்ற விடுமுறையில் எம் ஊர்ப் பெரியவர் ஒருவர், யான் வேதசாஸ்திரக் கலாசாலை புக விரும்புதலைக் கேட்டு, "தம்பி, நாலுபேர் முன் நிமிர்ந்து பேசக் கூசுகிறாய், உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார். அன்று விடை கூற நா எழவில்லை. பின்னர் இரு குருமாரின் சரித்திரங்களைப் படிக்கலானேன்.

சுவார்ட்ஸ் ஐயரும் பப்ரிசியுஸ் ஐயரும் ஒரு காலத்தவர், ஜெர்மானியர், ஹாலே நகரிற் பயின்று தரங்கம்பாடியில் வந்திறங்கியவர், மணம் புரியாது இந்நாட்டிலேயே மரித்தவர். இத்தனை ஒற்றுமை இருந்தும் இயல்பில் இருவரும் இரு துருவங்கள்.

1750இல் வந்த சுவார்ட்ஸ் ஐயர் மனிதரோடு பழகவே பிறந்தவர். தமிழேயன்றி மராட்டியம், பாரசீகம், இந்துஸ்தானி முதலிய பாஷைகளிலும் உரையாட வல்லவர். 1779இல் சென்னை அரசாங்கத்தார் ஹைதர் அலியிடம் தூது விடுக்க எண்ணியபோது இவரையே சீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பினர். ஹைதர் வழிச்செலவிற்கென அளித்த பணத்தை இவர் தமக்கென வைத்துக்கொள்ளாது, தஞ்சையில் ஒரு தருமப் பாடசாலைக்கு முதலாக்கினார். யுத்தத்தால் அங்குப் பஞ்சம் நேர்ந்த காலத்தில், அதிகாரிகள் சொல்லை நம்பாத குடிகள் இவர் சொல்லை நம்பித் தானியம் கொண்டுவந்தனர். துளஜா மன்னர் தம் சுவீகார புத்திரரான சரபோஜியை இவர் பாதுகாப்பில் ஒப்புவித்தார்.

பப்ரிசியுஸ் ஐயரோ ஏட்டோடு வாழப் பிறந்தவர். 1740இல் வந்து, 1742 முதல் சென்னையிற் பணிபுரிந்தார். புதிய ஏற்பாட்டை மீண்டும் மீண்டும் திருத்தி 1772இல் வெளியிட்டார். ஏறக்குறைய 9,000 சொற்கள் கொண்ட தமிழ் ஆங்கில அகராதி 1779இல் அச்சேறிற்று. பழைய ஏற்பாடு முற்றும் அச்சாகி முடிந்தது 1796இல். அப்போது அவர் உயிரோடில்லை. தமிழ் பயிலும் மாணாக்கனாகிய எனக்கு இவர்பால் பக்ஷபாதம் உண்டென்பதை மறைக்கமாட்டேன்.

இத்தகையவர் கையிற் சபைப் பணமும், பிறர் நம்பி வைத்த பணமும் வந்து சேர்ந்தன. அவற்றை அவர் வட்டிக்குக் கொடுத்தார், கொடுத்தவை மீளவில்லை. முதுமையிற் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1788இல் வேப்பேரிப் பொறுப்பு கெரிக்கே ஐயரிடம் மாறிற்று. 1791இல் பப்ரிசியுஸ் ஐயர் காலமானார்.

தேவ அழைப்பு இங்கே பொய்த்ததோ? அன்று. அழைப்பு ஒருவனது இயல்பை மாற்றி வேறொருவனாக்கவில்லை. உள்ள இயல்பையே பணிகொண்டது. ஓர் எழுத்தினின்று மறு எழுத்திற்குக் கண் பெயராது உழைத்த அதே மனம், கடன்பத்திரத்தினின்று கடன்பட்டவன் முகத்தை ஏறிட்டு நோக்கவில்லை. சுவார்ட்ஸ் ஐயரை அவர் மேசையில் இருத்தியிருப்பின் நமக்கு அவ்வேதாகமம் கிட்டியிராது என்றே எண்ணுகிறேன். 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பும் பப்ரிசியுஸ் ஐயரின் நடையை அடியாகக் கொண்டதே. பணம் இழந்தோர் துன்பம் மெய். அதனை அவர் புலமை ஈடுசெய்யாது. ஆயினும், பிரசங்கி, கணக்கர், ஆசிரியர், நீதிபதி என்னும் எல்லாப் பாரத்தையும் ஒருவர் தோளிலேயே ஏற்றிவைக்கும் வழக்கத்திற்கும் அதிற் பங்குண்டு. அவ்வழக்கம் நம் கிராமச் சபைகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை.

வரும் விடுமுறையில் அப்பெரியவரை மறுபடி காண்பேன். கூச்சம் உண்மைதான் என ஒப்புக்கொண்டு, கலாசாலை விண்ணப்பத்தையும் அவர் கையிற் காட்டுவேன். ஒருநாள் எனக்கு ஒரு சபை கிடைக்குமாயின், பணப்பெட்டியின் சாவியை அவரே வைத்துக்கொள்ளும்படி கேட்கவும் எண்ணியுள்ளேன்.