பேரிங்கில் திரும்பிய ஜாதகம்

"ஏங்க, பிரிச்சுக்கூடப் பார்க்காம நம்ம பொண்ணு ஜாதகத்தைத் திருப்பிட்டாங்களே!"

1981-ம் வருடம் தை மாதம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் சித்தப்பா ரைட்டராக இருந்தார். பழம் பறிக்கிற சீசன், மூச்சு விட நேரமில்லை. சித்தி கையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர். பத்து நாளைக்கு முன் சேலத்துப் பிள்ளை வீட்டுக்குத் தபாலில் சேர்த்தது. அதன் மேல் 'வாங்க மறுப்பு' என்று எழுதியிருந்தது.

போதாக்குறைக்குத் தபால்காரர், "அம்மா, இது பேரிங். அவங்க வாங்கலைன்னா அனுப்பினவங்கதான் காசு கட்டணும்" என்றார். வெந்த புண்ணில் வேல்! சித்தி அன்று அடுப்பே மூட்டவில்லை.

மறுநாள் சித்தப்பா கவரைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தார். விஷயம் அப்போதுதான் புரிந்தது. ஜாதகம் ஒரு தாள்தான். ஆனால் போட்டோ மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, போதாததற்குச் சேர்வராயன் கோயில் குங்குமம் ஒரு பொட்டலம். சித்தி ஒட்டியதோ சாதாரணக் கடிதத்துக்கான ஸ்டாம்பு!

ஸ்டாம்பு குறைந்தால், குறைகிற தொகையைப் போல் இரண்டு மடங்கை வாங்குபவரிடம் வசூலிப்பது தபால் இலாகாவின் வெகுநாளைய வழக்கம். விருப்பமில்லை என்றால் பிரிக்காமல் திருப்பித் தந்துவிடலாம். பிரித்துவிட்டால் கட்டித்தான் ஆகவேண்டும். வேண்டுமென்றே தொந்தரவு கொடுக்க யாராவது இப்படி அனுப்பினால், அந்தக் காசைத் தள்ளுபடி செய்யக்கூட 1898-ம் வருடச் சட்டத்தில் இடம் இருந்தது. (அந்தச் சட்டம் போய், 2024 ஜூனில் புதுச் சட்டம் வந்துவிட்டது.)

வாங்குகிறவர் காசு கொடுப்பது ஒரு காலத்தில் சகஜம். காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தது 1820-களில். அப்போது எடையும் தூரமும் பார்த்துத்தான் தபால் கூலி. இங்கிலாந்தில் கோலரிட்ஜ் என்ற கவிஞரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஏழைப் பெண் ஒருத்தி காசில்லாமல் கடிதத்தைத் திருப்புவதைப் பார்த்து, மனமிரங்கித் தாமே பணம் கொடுத்தாராம். பிரித்தால் உள்ளே வெறும் தாள்! 'நான் சௌக்கியம்' என்று தெரிவிக்க அவள் அண்ணன் செய்துகொண்ட ஏற்பாடாம் அது. பலே கெட்டிக்காரி! அங்கே 1840-ல் ஸ்டாம்பு வந்தது. நம் நாட்டில் 1854 அக்டோபரிலிருந்து, கால் தோலா கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் அரை அணா என்று ஆயிற்று. அப்புறமும் நம்மவர்கள் பலர் பேரிங்கில்தான் அனுப்பினார்கள். காசு வாங்க வேண்டுமே என்பதற்காகவாவது கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கை!

சரி, கல்யாணம் என்னவாயிற்று? சித்தப்பா மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கே போனார். தபால் வந்த சமயம் அங்கே வீட்டில் இருந்தது பாட்டி மட்டும்தான். "காசு குடுத்து லெட்டர் வாங்கறதா? எவனாவது கடன்காரனா இருப்பான், கொண்டு போப்பா" என்று சொல்லிவிட்டாராம். பிள்ளையின் அம்மாவுக்கு விஷயமே தெரியாது. பொருத்தம் பார்த்து, வைகாசியில் கல்யாணம் நடந்தது. பாட்டி இருந்தவரை அவளுக்கு 'பேரிங் பொண்ணு' என்றுதான் பேர்.

இப்போது ஜாதகம் செல்போனில் போய்விடுகிறது. ஆனால் கல்யாணப் பத்திரிகை? பட்டுத்துணி, பிள்ளையார் படம், அட்சதைப் பொட்டலம் எல்லாம் சேர்ந்தால் 20 கிராம் எந்த மூலைக்கு? 5 ரூபாய் ஸ்டாம்பு அந்த 20 கிராமுக்கு மட்டும்தான். சம்பந்தி வீட்டில் காசு கொடுத்து நம் அழைப்பை வாங்கும்படி ஆகலாமா? முந்நூறு பத்திரிகை தயாராவதற்கு முன், ஒன்றை மட்டும் குங்குமம் உட்பட முழுசாகக் கட்டி, தபாலாபீசில் நிறுத்துப் பாருங்கள். வீட்டுத் தராசை நம்பாதீர்கள்.

இன்லண்டுக்குள் விபூதி, பூ எதையும் வைக்காதீர்கள். கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. அனுப்புநர் விலாசத்தையும் மறக்க வேண்டாம். சித்தி எழுதியிருந்ததால்தான் அந்தக் கவர் பிரிபடாமல் மலையேறி வந்தது. விலாசம் இல்லாவிட்டால், அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க, திரும்பிய தபால்களுக்கென்றே உள்ள ஆபீசில் பிரித்துப் பார்ப்பார்கள். பெண்ணின் போட்டோ ஊர் பேர் தெரியாத ஒருவர் மேஜையில் கிடந்திருக்கும்.