தலைகீழ் ஆசனங்களும் முதுமையும்

தலை கீழாகவும் கால்கள் மேலாகவும் உடலை நிறுத்திச் செய்யப்படும் யோகாசனங்கள் தலைகீழ் ஆசனங்கள் எனப்படுகின்றன. சிரசாசனம், சர்வாங்காசனம், விபரீதகரணி ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவற்றைத் தொடர்ந்து செய்தால் முதுமை தள்ளிப்போகும் என்பது நெடுநாளைய நம்பிக்கை.

நம்பிக்கையின் தோற்றம்

15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை இதற்கு ஒரு காரணம் கூறுகிறது. தலையிலுள்ள சந்திரனிலிருந்து சொட்டும் அமுதத்தை நாபியிலுள்ள சூரியன் உண்டுவிடுவதால் உடல் மூப்படைகிறது. உடலைத் தலைகீழாக்கினால் அமுதம் காக்கப்படும். ஆறு மாதத்தில் தோல் சுருக்கமும் நரையும் மறையும் என்றும், நாள்தோறும் ஒரு யாமம் (3 மணி நேரம்) பயில்பவர் காலனை வெல்வார் என்றும் அந்நூல் சொல்கிறது. மயிர்க்காலில் நிறமி உண்டாக்கும் செல்கள் குறைவதால் நரை வருகிறது. தலைக்கு இரத்தம் பாய்வதால் அச்செல்கள் மீள்கின்றன என்பதற்குச் சான்று இல்லை.

சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) நூறு வயது கண்டார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) 95 வயது வரை வாழ்ந்தார். இருவரையும் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் மூச்சுப் பயிற்சி, உணவு ஒழுங்கு, பிற ஆசனங்கள் என அவர்கள் கடைப்பிடித்தவை பல. நீண்ட ஆயுளைச் சிரசாசனத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

கண்

இப்பொருளில் குறிப்பிடத்தக்க ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சியாளர் 75 பேரின் கண்களைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகியது. எல்லா வயதினருக்கும் இப்படியே இருந்தது. எனினும் அவர்களிடையே நிலையான உயர் கண்ணழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்படவில்லை. நலமான கண் இந்த ஏற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது என்றே இதற்குப் பொருள்.

கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. நெடுங்காலம் சிரசாசனம் செய்த கிளாக்கோமா நோயாளிகள் சிலரின் பார்வைப் பரப்பு சுருங்கியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. வலி எதுவும் இன்றி வளரும் இந்நோய் வயது கூடக் கூட மிகுதியாகிறது. தமக்கு இருப்பதையே பலர் அறிவதில்லை. இளமை வேண்டி அறுபதுக்கு மேல் சிரசாசனம் தொடங்குவோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

கழுத்தும் எலும்பும்

சிரசாசனத்தில் உடல் எடையில் ஏறக்குறைய 40 முதல் 48 விழுக்காடு வரை தலைமீது இறங்குவதாக அமெரிக்க ஆய்வொன்று அளந்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 24 கிலோவுக்குக் குறையாது. கழுத்தெலும்புத் தேய்மானமோ எலும்பு மெலிவோ உள்ள முதியவருக்கு இச்சுமை ஆபத்தானது. இடுப்பெலும்பு வலுப்பட, கால்கள் எடையைத் தாங்கும் நடை போன்ற பயிற்சியே உதவும். தலைகீழாக நிற்பதில் கால்களுக்கு அந்த வேலை இல்லை.

முதியோருக்கான மாற்று

தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்து உயர்த்துவது எளிய விபரீதகரணி. இதில் கழுத்தில் சுமை இல்லை. 2015-இல் நியூயார்க்கில் சோதிக்கப்பட்ட நான்கு ஆசனங்களுள் கண்ணழுத்தம் மிகக் குறைவாக உயர்ந்ததும் இதில்தான். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் இதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். கண்ணழுத்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஆசனப் பயிற்சியில் சேரும் முன்பே அதைச் செய்துகொள்ளலாம்.