மனநல சிகிச்சைக்கு யாரிடம் போவது?

எப்போதும் அசதி. எதிலும் பிடிப்பில்லை. கலகலப்பாக இருந்தவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். இப்படி ஒருவரை அழைத்துப் போனால், மனநல மருத்துவர் பல நேரங்களில் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் சீட்டு எழுதுவார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும் மனச்சோர்வைப் போலவே அறிகுறிகள் தெரியும். தைராய்டுதான் காரணம் என்றால், எத்தனை முறை உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினாலும் அந்த அசதி போகாது.

உடலையும் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பயிற்சி மனநல மருத்துவருக்கு எம்.பி.பி.எஸ். படிப்பிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் மூன்றாண்டு எம்.டி., அல்லது டி.என்.பி., இல்லையென்றால் டி.பி.எம். பட்டயம் படித்திருப்பார். இருதுருவக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அதன் அளவு சற்றுக் குறைந்தால் பலன் இருக்காது, சற்றுக் கூடினால் நஞ்சாகிவிடும். அதனால் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். மருத்துவம் படிக்காதவர் கையில் எடுக்கக்கூடிய வேலை அல்ல இது.

மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். அதனால் அவரை ஒரு படி குறைவாக நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. படிப்பில் பின்தங்கும் ஒரு பையனின் முன்னால் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்து, படத்தில் உள்ளபடி அடுக்கச் சொல்வார். கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். பையன் எவ்வளவு நேரம் எடுக்கிறான், தப்பு செய்தால் திருத்திப் பார்க்கிறானா, சட்டென்று கைவிடுகிறானா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். இப்படிப் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் பையனுக்குக் கற்றல் குறைபாடா, அறிவுத்திறன் குறைவா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியும். பதற்றம், எண்ணச் சுழற்சி நோய் போன்றவற்றுக்கு அவர் தரும் பேச்சுவழிச் சிகிச்சைக்கும் உறுதியான ஆய்வுச் சான்று இருக்கிறது.

இவர்களில் பெரும்பாலோர் உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியோடு இரண்டாண்டு எம்.ஃபில். படித்தவர்கள். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு அந்த ஆயிரம் ரூபாய் யாரையும் பயமுறுத்தாது. உயர்த்தியே ஆக வேண்டும்.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் செவிலியரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் மனநல வல்லுநர்களாக ஏற்கிறது. சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ முதுநிலை படித்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தன் துறைக்கு உட்படாத மருந்தையோ சிகிச்சையையோ எவரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 106-ம் பிரிவு.

குழப்பமெல்லாம் ‘கவுன்சலர்’ என்ற சொல்லில்தான். முறையாக எம்.எஸ்சி. முடித்து, பள்ளி கல்லூரிகளில் அருமையாக வேலை செய்கிறவர்களும் அந்தப் பெயரில் இருக்கிறார்கள். சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் அதே பெயரில் போர்டு மாட்டுகிறார்கள். 2021-ம் ஆண்டு வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் உளவியலாளர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர வழிசெய்கிறது. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருந்தால், அது மருத்துவப் பட்டமா முனைவர் பட்டமா என்றும் பாருங்கள். என் கணிப்பில் நல்ல ஆலோசகருக்கு ஓர் அடையாளம் உண்டு: தன்னால் முடியாததை மறைக்காமல் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பிவைப்பார். மருந்தே வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று சொல்கிறவரிடம் மறுபடி போகாதீர்கள்.

“சார், உங்க ரிஜிஸ்டர் நம்பர் என்ன?” என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு, மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. பதிவு. இரண்டையும் இணையத்திலேயே சரிபார்க்கலாம். ஆனால் வீட்டில் யாராவது உயிரை விடுவதாகப் பேசினால் இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்காமல், பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள். தொலைபேசியில் உதவி கேட்க டெலி மானஸ் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எண் 14416.