திடீரென தொழில் நின்றுபோனால்? கொரோனா காலம் சொல்லித் தந்த பாடம்



2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. தாம்பரம் - கடற்கரை மின்சார ரயில் நின்றது. சானடோரியம் மெப்ஸ் கம்பெனிகள், கல்லூரிகள், ஹாஸ்டல்கள் எல்லாம் மூடின. ஸ்டேஷன் வாசலில் பூ, பழம் விற்றவர்கள், கம்பெனி கேட் பக்கத்தில் டிபன் கடை போட்டவர்கள், ஹாஸ்டலுக்கு சப்பாத்தி போட்டுக் கொடுத்தவர்கள் என்று எத்தனையோ பேருக்கு ஒரே நாளில் வியாபாரம் இல்லாமல் போனது.

இட்லியில் குறையில்லை, பூவிலும் குறையில்லை. வாங்குகிற ஆள் தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இப்படி ஒரு நிலைமை திரும்ப வந்தால் நம் தொழிலை எப்படிக் காப்பாற்றுவது? நாலு விஷயம் பார்ப்போம்.

1. வாங்குகிறவர் எங்கே போனார்?

வியாபாரம் படுத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஊரடங்கில் ஜனங்கள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. வீட்டிலேயே இருந்து சாப்பிட்டார்கள். அதனால் ரோட்டோரத்தில் இட்லி விற்க முடியாதபோது, அதே கிரைண்டரில் மாவு அரைத்துத் தெருவில் விற்றவர்களுக்குப் பிழைப்பு ஓடியது. அரிசியும் உளுந்தும் அதேதான், கைப்பக்குவமும் அதேதான். விற்கிற இடம்தான் மாறியது. போனில் ஆர்டர் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் "நாளைக்கு மாவு வேணுமா?" என்று முதல் நாளே கேட்டு, தேவையான அளவு மட்டும் அரைத்தார்கள். மிச்சமாகிப் புளித்து வீணாவது குறைந்தது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க. உங்களிடம் வாடிக்கையாக வாங்கும் இருபது பேரின் பெயரும் போன் நம்பரும் ஒரு நோட்டில் எழுதி வையுங்க. கடை மூடினாலும் அந்த நோட்டு இருந்தால் வியாபாரத்தைத் திரும்பத் தொடங்கலாம்.

2. புதுப் பொருள் எத்தனை நாளைக்கு?

தையல் தெரிந்த நம் சகோதரிகளுக்கு அந்தச் சமயத்தில் கைகொடுத்தது முகக்கவசம். தமிழ்நாடு முழுவதும் மகளிர் குழுக்கள் துணி முகக்கவசம் தைத்துக் கொடுத்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். எல்லோரும் தைக்க ஆரம்பித்தார்கள். 2020 ஜூலையில் ரேஷன் கடை மூலம் அரசே இலவசமாகத் துணி முகக்கவசம் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு கடன் வாங்கித் துணி வாங்கிப் போட்டவர் நிலைமை என்ன ஆகும்?

அவசர காலத்துப் பொருளுக்குக் கிராக்கி சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். ஆகவே கையில் இருக்கும் மெஷினை, கையில் இருக்கும் தொழிலைக் கொண்டு செய்ய முடிந்ததைச் செய்யுங்க. ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் துணி வாங்குங்க. அதற்காகவே புது மெஷின், பெரிய கடன் வேண்டாம்.

3. சரக்கு வரும் வழி ஒன்றே ஒன்றா?

2020 மே 5ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. சில நாளில் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. கோயம்பேடு காய்கறி மார்க்கெட் மறுபடி திறந்தது செப்டம்பர் 28ஆம் தேதிதான். தாம்பரம், பல்லாவரம் பக்கம் காய்கறி விற்றவர்கள் ஒவ்வொருவரும் தனியாகத் திருமழிசைக்குப் போனால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் அந்தச் செலவு நாலாகப் பிரியும். பக்கத்து ஊரில் பயிர் செய்கிறவரிடம் நேரடியாக வாங்குவது இன்னொரு வழி.

2021 மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு வந்தபோது காய்கறிக் கடைகளும் மூடின. உள்ளாட்சி, தோட்டக்கலைத் துறை ஏற்பாட்டில் வண்டிகளில் மட்டும் காய்கறி விற்றார்கள். அடையாள அட்டையும் அனுமதியும் எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரிந்தது.

தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் 2020 ஜூனில் வந்தது. அப்போது முதல் கடன் ரூ.10,000. 2025இல் அதை ரூ.15,000 ஆக்கினார்கள். கிராமத்திலிருந்து வந்து டவுன் எல்லைக்குள் விற்கிறவர்களுக்கும் இது உண்டு. விற்பனைச் சான்று அல்லது உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கஷ்டம் வந்தபிறகு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்க.

4. "தவணை கட்ட வேணாம்" என்றால் என்ன அர்த்தம்?

2020 மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி, மூன்று மாதத் தவணையைத் தள்ளி வைக்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தது. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. பல பேர் "கடனே தள்ளுபடி" என்று நினைத்தார்கள். அது தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு. வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாக்கி ரூ.1,00,000. வட்டி மாதம் 1 சதவீதம். ஆறு மாதம் ஒன்றும் கட்டவில்லை.

- வட்டி மட்டும்: ரூ.6,000
- வட்டிக்கு வட்டியும் சேர்த்தால்: சுமார் ரூ.6,152

இதில் வட்டிக்கு வட்டியான ரூ.152 போன்ற தொகையை, 2 கோடி ரூபாய் வரையான சிறு கடன்களுக்கு, அரசு 2020 நவம்பரில் திருப்பிக் கொடுக்கச் செய்தது. ரூ.6,000 நம் தலையில்தான். அதனால் தவணை தள்ளிவைப்பு கிடைத்தாலும், கையில் பணம் இருந்தால் வட்டியையாவது கட்டிவிடுவது நல்லது. சுத்தமாக வருமானம் இல்லாதவர் தள்ளிவைப்பை எடுத்துக்கொள்ளத் தயங்கவே வேண்டாம். அது அவருக்காக வந்ததுதான். எதைச் செய்தாலும் வங்கியில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்க. கந்துவட்டி வாங்கித் தவணை கட்டாதீங்க.

நமக்கே காய்ச்சல் வந்தால்?

கடை திறந்திருக்கும், ஆனால் நடத்துகிறவர் படுத்துவிட்டால்? கொரோனாவில் வீட்டில் தனியாக இருக்கச் சொன்ன 14 நாளும் பல தொழில்கள் அப்படித்தான் முடங்கின. யாருக்கு எவ்வளவு தரணும், யாரிடமிருந்து எவ்வளவு வரணும், சரக்கு எங்கே வாங்குகிறோம் என்பதை எல்லாம் மனசிலேயே வைத்திருக்காதீங்க. நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்காவது காட்டி வையுங்க.

பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருடம் ரூ.436. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 50 வயதுள்ளவர்கள் சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும், நோயானாலும், குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் வரும். புதிதாகச் சேர்ந்தால் விபத்து தவிர மற்ற மரணத்துக்கு முதல் 30 நாள் காப்பீடு இல்லை. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்கள் குடும்பத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை:

- நம் குழுவில் ரயில், பள்ளி, கம்பெனி போன்ற ஒரே இடத்தை நம்பித் தொழில் செய்பவர்கள் யார் யார்? அந்த இடம் மூடினால் அவர்கள் எங்கே விற்கலாம்?
- ஒரு மாதம் வியாபாரம் இல்லாவிட்டால் வாடகைக்கும் தவணைக்கும் எவ்வளவு வேண்டும்?
- அவசரத்துக்கென்று நம் சேமிப்பில் எவ்வளவு ஒதுக்கலாம்? உள்கடன் திருப்பிக் கட்ட எத்தனை வாரம் அவகாசம் தரலாம்?
- ஜீவன் ஜோதியில் சேராதவர்கள் எத்தனை பேர்?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் அதன் நகலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் அவசர நிதி விதிகளையும் ஒன்றாக வைத்துப் பேசுவோம்.