இல்லத்திற்கு அழகு எது?

அண்மையில் ஒரு புதுமனை புகுவிழாவிற்குச் சென்றிருந்தேன். வீட்டுக்குரியவர் பல்லாண்டுகள் வளைகுடா நாடொன்றில் பாடுபட்டுத் திரும்பியவர். கூடத்தின் மேலே ஜிப்சம் பலகையால் அடுக்கடுக்காய் அமைந்த விதானம். அதன் நடுவே சரவிளக்கு. சுவரெங்கும் மின்னும் வண்ணக் காகிதம். முகம் பார்க்கும் அளவிற்குப் பளபளக்கும் பளிங்குத் தரை. வந்தவர்கள் யாவரும் 'மாஷா அல்லாஹ்' என்றனர். நானும் கூறினேன்.

அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுப் பின்கட்டு வழியாக வந்தபோது, சமையலறையை ஒட்டிய பண்டக அறையில், பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே ஒரு பழைய பாயில் அமர்ந்து அவருடைய தாயார் தொழுதுகொண்டிருந்ததைக் கண்டேன்.

"உம்மா ஏன் இங்கே தொழுகிறார்கள்?" என்று வழியில் அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"கூடத்துத் தரை வழுக்குமென்று அஞ்சுகிறார்கள். அவர்களுடைய பாயும் புதுக் கூடத்திற்குப் பொருந்தாது என்று அலங்கார வேலை செய்தவர் சொல்லிவிட்டார்" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

எந்தப் பாணியில் வீட்டை அலங்கரிப்பது என்று கைபேசிப் படங்களைப் பார்த்து மயங்குவோர் இன்று பெருகிவிட்டனர். அலங்காரமே கூடாதென்று கூறுவதற்கில்லை. இறைவன் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அழகைத் தடை செய்தவர் யார் என்ற பொருளில் திருமறையின் 7ஆம் அத்தியாயம், 32ஆம் வசனம் வினவுகின்றது. நம் வீடுகளை நமக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கியவன் அவனே என்பதை 16ஆம் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் நினைவூட்டுகின்றது. ஆகவே, வீட்டின் நோக்கம் அமைதி. அழகு அதற்குத் துணை.

நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் வினவியபோது, இறைவன் அழகன், அழகை விரும்புகின்றான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். அத்துடன், உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் விளக்கினார்கள். முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் காணப்படும் இந்த விளக்கமே நமக்குரிய உரைகல். பெற்ற தாயின் பாயைத் தாழ்ந்ததாக எண்ண வைக்கும் அலங்காரம் இந்த உரைகல்லில் தேறுமா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் அமைந்த திரைச்சீலை ஒன்றைத் தம் இல்லத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை, அகற்றினார்கள். அன்னையார் அத்துணியைக் கிழித்துத் தலையணையாக்கிக் கொண்டார்கள். உயிருள்ளவற்றின் உருவங்களைச் சுவரில் மாட்டிப் போற்றலாகாது என்ற படிப்பினையை நாம் நன்கறிவோம். மற்றொரு படிப்பினையும் அதில் உண்டு. துணி வீணாகவில்லை! காட்சிப் பொருளாய் இருந்தது பயன்படு பொருளாயிற்று.

கோலமிட்ட போர்வை ஒன்று தொழுகையில் தம் கருத்தைக் கவர்ந்ததால், பெருமானார் (ஸல்) அவர்கள் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, கோலமற்ற எளிய போர்வையைக் கேட்டு வாங்கியதாகவும் புகாரி தொகுப்பில் செய்தி உண்டு. எனவே, நாம் தொழும் திசைச் சுவர் அமைதியாக இருத்தல் நலம். தமிழகத்தில் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து அமைகின்றது. அந்தச் சுவரில் மினுக்கும் விளக்குகளையும் பெரிய கண்ணாடியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் தவிர்த்து, வெளிர் வண்ணம் பூசினால் போதுமே!

உருவங்களை நீக்கினால் வீடு வெறுமையாகிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் கல் தூண்களைப் பாருங்கள். நம் மண்ணின் சிற்பக் கலையே அங்கு பூவும் கொடியுமாக மலர்ந்து நிற்கின்றது. ஸ்பெயின் நாட்டுக் கிரனடாவில் உள்ள அல்ஹம்ரா அரண்மனையின் சுவர்களை அரபு எழுத்தும் கோண வடிவங்களும் இலைப் பின்னல்களும் அணி செய்கின்றன. இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை என்ற பொருளுடைய தொடர் அங்கு மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டுள்ளது. எனினும், 1492இல் அவ்வரண்மனை அதை எழுப்பிய மரபினரின் கையைவிட்டுப் போயிற்று. ஆம், திருவசனத்தைச் சட்டமிட்டு மாட்டுவதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. சுவரில் உள்ளது நெஞ்சிலும் இருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் இல்லங்களும் நமக்குப் பாடமே. காயல்பட்டினத்துப் பழைய வீடுகளுக்கிடையே பெண்கள் தெருவிற்கு வராமலே உறவினர் இல்லம் சென்றுவரக் குறுகிய சந்துகள் விடப்பட்டிருந்தன. மகளுக்கு வீடு அளித்து மணமுடிக்கும் வழக்கமும் அங்கு உண்டு. அவ்வீடுகளின் முற்றமும் முகப்பும் உயர்ந்த கூரையும் பிறர் பார்த்து வியக்க மட்டும் எழுந்தவை அல்ல. வெயிலுக்கும் காற்றுக்கும், குடும்பத்தின் மானத்திற்கும் மரியாதைக்கும் ஏற்ப எழுந்தவை.

தாமிரபரணிக் கரையின் கோரையை நுண்மையாகக் கிழித்துப் பத்தமடையில் நெய்யப்படும் பாயின் அழகை அறியாதார் யார்? அதை நெய்யும் கைகள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்களின் கைகள். நம் வெப்பத்திற்கு அது குளிர்ச்சி தருவது. சுருட்டி வைத்தால் இடம் அடைக்காதது. தூசி படியும் கம்பளத்தைத் தேடி அலைவோர் சற்றுச் சிந்திக்கட்டும்.

இனிச் செலவைப் பற்றி ஒரு சொல். படுக்கை ஒன்று கணவனுக்கு, ஒன்று மனைவிக்கு, மூன்றாவது விருந்தினருக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் முஸ்லிம் தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. தேவைக்கு மேல், பிறர் காணவென்றே குவிப்பதைப் பற்றிய எச்சரிக்கை அது என அறிஞர்கள் விளக்குவர். வீண் விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம், இரண்டுக்கும் இடைப்பட்ட நெறியே சிறந்தது என்பது திருமறையின் 25ஆம் அத்தியாயம், 67ஆம் வசனத்தின் கருத்து. வட்டிக்குக் கடன் பெற்று விதானம் கட்டுகின்றவர், அமைதிக்கென இறைவன் தந்த இல்லத்தில் அமைதியை விலைபேசி விடுகின்றார். சரவிளக்கு எரிய, உறக்கம் கெடும்.

ஆகவே, அன்புச் சகோதர சகோதரியரே! ஒரு பொருளை வாங்குமுன் மூன்று வினாக்களை உங்களுக்குள் எழுப்புங்கள். இதனால் வீட்டிலுள்ள யாருக்குப் பயன்? இது தொழுகையில் கருத்தைச் சிதறடிக்குமா? இதற்கான பணம் ஆகுமான வழியில், கையிருப்பில் உள்ளதா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் தயங்காது வாங்குங்கள். முதியோர் உள்ள வீட்டில் வழுக்காத தரை, ஒளுச் செய்ய அமரும் திண்டு, பிடித்து நடக்கக் கைப்பிடி, இரவில் சிறு விளக்கு, விருந்தினர் திடுமென நுழைந்தாலும் பெண்கள் சங்கடப்படாதவாறு ஒரு திரை. இவையே முதல் அலங்காரங்கள்.

இரு மாதங்கள் கழித்து அந்த இல்லத்திற்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. சரவிளக்கு அங்கேதான் இருந்தது. ஆனால், கூடத்தின் மேற்குப் புறத்தில் பளிங்கின்மீது சொரசொரப்பான விரிப்பு இடப்பட்டு, அதன்மேல் அந்தப் பழைய பாய் விரிந்திருந்தது. அருகே சாய்வதற்கு ஒரு தலையணை. உம்மா அமர்ந்து, பேரப் பிள்ளைக்கு யாசீன் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாய் இப்பொழுது பொருந்துகிறதா?" என்றேன்.

"கூடம்தான் இப்பொழுது பாய்க்குப் பொருந்துகிறது" என்றார் அவர்.

நம் இல்லங்களை மன அமைதி தரும் இடங்களாகவும், பெற்றோரின் உள்ளம் குளிரும் இடங்களாகவும் ஆக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.