ஓரறைப் பள்ளியில் ஒரு குடித்தனம்

அமெரிக்க நாட்டுப்புறங்களில் ஒரே கூடமும் உயரமான ஜன்னல்களும் கூரை உச்சியில் மணிக்கூண்டுமாகச் சில வீடுகள் உண்டு. ஒரு காலத்தில் அவை பள்ளிக்கூடங்கள். எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் அறை, ஓர் ஆசிரியர். பெரும்பாலும் இளம்பெண்தான் அந்த ஆசிரியர். குளிர்காலக் காலையில் முதலில் வந்து கணப்படுப்பை மூட்டுவதும் பல ஊர்களில் அவர் வேலைதான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படிச் சுமார் 2 லட்சம் பள்ளிகள் இருந்தன. சாலைகள் சீராகிப் பள்ளிப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதும், சுற்றுவட்டாரப் பிள்ளைகளை ஒரே பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். காலியான கட்டடங்கள் விலைக்கு வந்தன. சில தானியக் கிடங்காயின, சில வீடாயின.

பலவற்றில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிப்பறை வெளியே. அதனால் வாங்கியவர்கள் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் புதிதாகப் போடவேண்டியிருந்தது. கூரை உயரம், சூடு கீழே தங்காது. ஆனால் அந்த உயரத்திலேயே பரண்போல ஒரு தளம் அமைத்துப் படுக்கையறையாக்கிக்கொள்ளலாம். கரும்பலகையைக் கழற்றாமல் விட்டவர்களும் உண்டு. அவர்களை மனதாரப் பாராட்டவேண்டும்.

இத்தகைய பள்ளியில் படித்தவர்களில் ஓர் அமெரிக்க ஜனாதிபதியும் உண்டு. டெக்சாஸில் ஜங்ஷன் பள்ளி என்ற ஓரறைப் பள்ளிக்கு லிண்டன் ஜான்சன் 4 வயதில் போனார். 1965 ஏப்ரல் 11 அன்று, ஜனாதிபதியாக அதே பள்ளியின் வெளியே அமர்ந்து, பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு நிதி வழங்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பக்கத்தில் அவருடைய முதல் ஆசிரியை இருந்தார்.