முகத்தின் ஒளி – 9: நிறத்தைத் தொடாமல் வெளிச்சம் கூட்டுவது

முகப்படம் எடுத்துப் பழகுகிறவர்களுக்குச் செபராங் ஜெயாவில் ஆள் பஞ்சமே இல்லை. கேமரா வாங்கிய புதிதில் எல்லோரும் பறவைப் பூங்காவுக்குத்தான் ஓடுவார்கள். கொஞ்ச நாளில் இருவாச்சியும் பூநாரையும் அலுத்துப்போய் மனித முகத்துக்கு வந்து சேர்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை கருமாரியம்மன் கோயில் பக்கம் கேமராவோடு நின்றால், தெரிந்தவர் ஒருவராவது "என்னையும் ஒண்ணு எடு தம்பி" என்று வந்து நிற்பார். சென்ற வாரம்வரை எடுப்பதைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் படம் கணினிக்குள் வந்துவிட்டது.

திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ரொம்பக் கருப்பா விழுந்துட்டேன், கொஞ்சம் கலரா ஆக்கிக் கொடு தம்பி." கைப்பேசிச் செயலிகளும் அதற்கென்றே ஒரு பொத்தானைத் தயாராக வைத்திருக்கின்றன. அதைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. அதற்காகக் கேட்டவருக்கு அறிவுரை சொல்லக் கிளம்புவதும் சரியில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல படங்களில் முகம் நிஜமாகவே தெரிவதில்லை. உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் விழுந்து கண் இரண்டும் குழியாகிவிடுகின்றன. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்துவிட்டால், கேமரா சுவரைக் கணக்கில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. முகம் இருட்டில் போய் நிற்கிறது. அவருக்கு வேண்டியது வெளிச்சம். கிடைப்பதோ சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு வெளுப்பு.

கருத்த முகத்தைப் படத்தில் பிடிக்கும் சிக்கலுக்கு நம் மண்ணில் வயது நூற்று அறுபதுக்கும் மேல். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862-இல் பினாங்குக்கு வந்து, தீவிலும் அக்கரையில் வெல்லஸ்லி மாகாணத்திலுமாகப் பத்து மாதங்கள் படம் எடுத்தார். அந்த மாகாணம்தான் இன்றைய செபராங் பிறை. நாம் குடியிருக்கும் நிலம். அச்சுப் போடவும் உதவிக்கும் மதராஸிலிருந்து வந்த இரண்டு பேரைப் பழக்கி வைத்துக்கொண்டதாகவும், சீனர்கள் இதைப் பேய் வேலை என்று ஒதுக்கிவிட்டதாகவும் 1875-இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். பினாங்கின் ஆரம்பகாலப் படங்களில் நம்மவர் கையும் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்தக் கை என்ன செய்திருக்கும்? அன்று புழங்கிய ஈரக் கொலோடியான் தகட்டுக்கு நீல ஒளிதான் தெரியும். சிவப்பும் பழுப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. மாநிறம்கூட அட்டைக் கருப்பாக விழும். தகட்டைத் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் வைத்து வெயிலில் காட்டினால் படம் மெல்ல மெல்லக் கருத்து எழும்பும். எந்த நொடியில் நிழலுக்குள் எடுப்பது என்பதை அச்சுப் போடுகிறவரின் கண்தான் தீர்மானிக்கும். முகம் எவ்வளவு கருக்க வேண்டும் என்ற முடிவு அவரிடம் இருந்தது. இன்று மௌஸைப் பிடித்துக்கொண்டு நாம் எடுக்கும் முடிவும் அதுவேதான்.

பென்சில் இதற்கும் முன்பே வந்திருந்தது. மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் 1855-இல் பாரிஸ் கண்காட்சியில், நெகட்டிவின் மேலேயே கைவேலை செய்த படத்தையும் செய்யாத படத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். அந்த வித்தை உலகத்து ஸ்டூடியோக்களுக்கெல்லாம் பரவியது; நம் பெரியவர்கள் 'டச்சிங்' என்று சொன்னது இதைத்தான். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். கருக்க வைக்க வேண்டுமானால் கூரான கத்தியால் சுரண்ட வேண்டும். கை தவறினால் நெகட்டிவே போச்சு. வெளுக்க வைப்பது சுலபம், கருக்க வைப்பது ஆபத்து. கருவியே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அழகுபடுத்துவது என்றாலே வெளுக்க வைப்பது என்று நம் ஸ்டூடியோக்களில் ஊறிப்போனதற்கு, நம் மனத்தில் இருக்கும் நிற மோகத்தோடு இந்தப் பென்சிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வண்ணப் படம் வந்தும் சாய்வு நிமிரவில்லை. கோடாக் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம். பல இனப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை வருவதற்கு 1990-கள் ஆகிவிட்டன. கூகுளும் ஹார்வர்டு பேராசிரியர் எல்லிஸ் மங்கும் பத்துப் படிகள் கொண்ட தோல்நிற அளவுகோலை வெளியிட்டது 2022-இல்.

இனி வேலைக்கு வருவோம். ரா கோப்பாக எடுத்திருந்தால்தான் இதையெல்லாம் நிம்மதியாகச் செய்ய முடியும். லைட்ரூம் வேண்டும் என்பதில்லை. காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிளும் கிம்ப்பும் போதும்.

முதலில் ஒயிட் பேலன்ஸ். குழல்விளக்கு எரியும் அடுக்குமாடி வராந்தாவில் எடுத்த முகத்தில் பச்சை ஏறியிருக்கும். புல்தரையில் உட்கார வைத்து எடுத்தாலும் அப்படித்தான். அதை நீக்காமல் வெளிச்சத்தைக் கூட்டினால் நோயாளி முகம் வந்துவிடும். பட்டுப்புடவை கட்டியவர் என்றால் மோவாயின் அடியைப் பாருங்கள். அரக்குப் புடவையின் சிவப்பு கழுத்தில் எதிரொளித்திருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் சிவப்பைத் தணித்தால் போதும். முகம் முழுவதையும் மாற்றவேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். எக்ஸ்போஷரை மொத்தமாக ஏற்றினால் தோல் சாம்பல் பூசியதுபோல் ஆகும். மனிதத் தோலுக்கு நிறம் தருபவை முக்கியமாக மெலனினும் இரத்தமும்தான். அதனால் உலகத்துத் தோல்கள் எல்லாம் வண்ண வட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒரே கோட்டை ஒட்டித்தான் விழுகின்றன; வீடியோவுக்கு வண்ணம் சேர்ப்பவர்கள் தினமும் பார்க்கும் கோடு அது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது பெரும்பாலும் அடர்த்தியும் ஒளியளவும். வெளுக்க வைக்கும் பொத்தான் அந்த அடர்த்தியைத்தான் உறிஞ்சுகிறது. ஆகவே கர்வ்ஸில் நடுப்பகுதியைச் சற்றே தூக்குங்கள், அடிப்பகுதியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கருப்பு கருப்பாக இருக்கும்போதுதான் மாநிறம் ஒளிரும்.

அதற்குப் பிறகு டாட்ஜும் பர்னும், அதாவது இடம் பார்த்து வெளிச்சம் கூட்டுவதும் குறைப்பதும். என் விருப்பமான வேலை இது. ஐம்பது விழுக்காட்டுச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர், சாஃப்ட் லைட் முறை, மிக மெல்லிய பிரஷ். கண்குழியில் கொஞ்சம், கருவிழியின் கீழ்வளைவில் கொஞ்சம், மூக்குத்தண்டில் துளி. முன்பு கேட்டாரே, அவர் கேட்ட வெளிச்சம் பெரும்பாலும் இந்த இரண்டு கண்களில் அடங்கிவிடுகிறது. கண் தெரிந்ததும் 'கலரா ஆக்கு' என்ற பேச்சே எழாததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் மின்னும் பளபளப்பை என்ன செய்வது? நம் ஊர் வெக்கையில் வேர்க்காத முகம் ஏது! மேல்நாட்டுப் பாடங்கள் அதைத் துடைத்துவிடச் சொல்லும். நான் மறுக்கிறேன். வெளிர்ந்த தோலில் முகத்தின் வளைவை நிழல் காட்டும். கருத்த தோலில் அதைப் பெரிதும் காட்டுவது இந்த மினுக்கம்தான். முழுவதும் எடுத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். வெந்து வெள்ளையாகிப்போன புள்ளியை மட்டும் பாதியாகத் தணியுங்கள்.

மென்மையாக்கும் கருவியில் எச்சரிக்கை வேண்டும். அது திருநீற்றுப் பட்டையின் விளிம்பையும் சேர்த்து மழுங்கடிக்கும். ஒரு வாரத்தில் தானே மறையும் பருவை ஹீலிங் பிரஷ்ஷால் எடுக்கலாம். மச்சமும் தழும்பும் அவராகக் கேட்டாலொழிய இருக்கட்டும். பால்மரம் சீவியே காலத்தைக் கழித்த ஒரு பாட்டியின் நெற்றிக் கோடுகளை நாம் யார் அழிக்க? இப்படிப்பட்ட படம்தான் நாளை சட்டம் போட்டு மாலையோடு கூடத்தில் தொங்கும், நினைவஞ்சலிப் பக்கத்தில் நாளிதழில் வரும். பேரப்பிள்ளைகள் பாட்டியை அந்த முகத்தோடுதான் அறிவார்கள்.

கடைசியாக, அச்சு. திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து வேலை செய்தால் அச்சில் படம் இருண்டே வரும். பாதியளவுக்கு இறக்கி, பகல் வெளிச்சம் நேராக விழாத இடத்தில் உட்காருங்கள். முடித்த படத்தை ஓர் இரவு தூங்கவிட்டு, காலையில் மூலப்படத்தோடு ஒப்பிட்டால் எங்கே மிஞ்சிப்போனோம் என்பது உடனே தெரியும். பிறகு ஒரே முகத்தை மூன்று ஒளியளவுகளில் 4ஆர் அளவில் போடக் கொடுங்கள். கொடுக்கும்போது மறக்காமல் கடைக்காரரிடம் இயந்திரத்தின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இரவெல்லாம் காத்த மாநிறத்தை அது ஒரு நொடியில் வெளுத்துவிடும். மூன்று படங்களையும் வாசல் வெளிச்சத்தில் படத்துக்கு உரியவர் முகத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துப் பாருங்கள். எது அவர் என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தக் கோப்பின் அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நரைமுடியை எடுத்துக்கொள்ளும்போது அதே கோப்பு வேண்டும்.

(தொடரும்)